ஆடியிலும் ஓயாத ஊசி

பகலில் பள்ளி ஆசிரியை, வங்கிக் காசாளர், ஐ.டி. ஊழியர். இரவானால் ஸ்டாண்டில் இழுத்துக் கட்டிய பட்டுத்துணி முன்னால் ஆரி ஊசியோடு உட்கார்ந்துவிடுகிறார்கள். சின்ன ஊர்களில்கூட இப்படி ஒருவராவது இருக்கிறார். "நேரம் எங்கேம்மா கிடைக்குது?" என்று இவர்களிடம் கேட்காதவர்கள் இல்லை. என்னைக் கேட்டால், பக்கத்தொழில் தொடங்குமுன் விசாரிக்க வேண்டியது வேறொன்று: எடுத்த வேலையைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போக முடியுமா?

ஆரி இதற்குத் தோதான வேலை. நள்ளிரவில் முதுகு பிடித்துக்கொண்டால், சங்கிலித் தையல் பிரிந்துவிடாமல் நூலுக்கு ஒரு முடிச்சுப் போட்டு, மேலே பழைய வேட்டியைப் போர்த்திவிட்டுப் படுக்கலாம். மறுநாள் அதே இடத்தில் பிடிக்கலாம். ஆனால் டிரேசிங் அப்படியல்ல. டிரேசிங் பேப்பரில் ஊசியால் துளையிட்டு, மண்ணெண்ணெயில் குழைத்த சாக்பீஸ் தூளைத் தேய்த்தெடுக்கும் டிசைன், கைபடக் கைபட அழியும். பிளவுஸின் முதுகும் கையும் கழுத்தும் ஒன்றோடொன்று பொருந்தவும் வேண்டும். அதை ஞாயிற்றுக்கிழமைக்கு வைத்துக்கொண்டு, வார நாட்களில் ஜர்தோசி, குந்தன் என்று துண்டு துண்டாக முடிப்பதுதான் கைதேர்ந்தவர்கள் வழி.

சுடுமண் நகை இன்னும் சௌகரியம். நீங்கள் அலுவலகத்தில் இருக்கும்போது களிமண் நிழலில் தானாகவே காய்ந்துகொண்டிருக்கும். ஐப்பசி மழையில் மட்டும் அதுவும் சண்டித்தனம் செய்யும். கேக்குக்கு இந்தப் பொறுமையெல்லாம் கிடையாது. மாலை ஆறு மணிப் பிறந்தநாளுக்கு கிரீம் பூச வேண்டிய நேரத்தில் மேனேஜர் மீட்டிங் போட்டால் தீர்ந்தது. அலுவலகம் போகிறவர்கள் வார நாளில் கேக் ஆர்டர் எடுக்காமல் இருப்பதே நல்லது.

விடிகாலையில் எழு என்று உபதேசிப்பவர்கள் எடுத்துக்காட்டுவது ஆங்கில நாவலாசிரியர் ஆண்டனி டிராலோப்பை. 1834 முதல் 1867 வரை பிரிட்டிஷ் அஞ்சல் துறையில் வேலை பார்த்தவர். வாழ்நாளில் 47 நாவல்கள் எழுதினார். காலை 5.30 மணிக்கு மேஜையில் உட்கார்ந்து, கடிகாரத்தை எதிரே வைத்துக் கால் மணிக்கு 250 சொற்கள் என்று எழுதியவர். உபதேசிகள் விட்டுவிடும் விவரம் ஒன்று உண்டு. அவரை எழுப்பிக் காபி கொடுக்க ஒரு முதிய வேலையாள் இருந்தார். அதற்காகவே அவருக்கு ஆண்டுக்கு 5 பவுண்டு கூடுதலாகக் கொடுத்தார் டிராலோப். நம் வீடுகளில் அந்த 5.30-க்குக் காபி போட்டு, இட்லி ஊற்றி, பிள்ளைக்கு டிபன் பாக்ஸ் கட்டுபவர் யார்? பெரும்பாலும் இரவு ஊசி பிடித்த அதே கைதான். கணவர் அடுப்படிப் பக்கம் வராத வீட்டில் எந்தக் கால அட்டவணையும் ஒரு வாரம் தாங்காது.

நாள் கணக்கைவிட மாதக் கணக்கு முக்கியம். ஆடியில் கல்யாணம் இல்லை, ஓய்வெடுக்கலாம் என்று வெளியிலிருந்து பார்ப்பவர்கள் நினைப்பார்கள். ஓய்வு மண்டபத்துக்குத்தான். ஆவணி மணப்பெண்ணின் பிளவுஸ் ஆடியில்தான் வந்து சேரும். தை முகூர்த்தத்துக்கு மார்கழியில். புரட்டாசி முடிவதற்குள் தீபாவளி பிளவுஸ்கள் குவியும். இதோடு அலுவலகக் காலண்டரையும் வைத்துப் பார்க்க வேண்டும். வங்கியில் இருப்பவருக்கு மார்ச் கணக்கு முடிப்பு, ஆசிரியைக்குப் பொதுத்தேர்வு. அந்த வாரங்களில் ஆர்டர் எடுப்பதில்லை என்று முன்கூட்டியே சொல்லிவிட்டால் வாடிக்கையாளர் கோபித்துக்கொள்ள மாட்டார். சொன்ன தேதியில் தராவிட்டால்தான் வம்பு.

ஊசியைவிட அதிகம் நேரம் தின்பது வாட்ஸ்அப். "அக்கா, இந்த டிசைன் ரேட் சொல்லுங்க", "கொஞ்சம் குறைங்கக்கா" என்று பகலெல்லாம் வந்துகொண்டே இருக்கும். இரவு ஒரு மணி நேரத்தை ஒதுக்கி மொத்தமாகப் பதில் போடலாம். அரசு ஊழியர் என்றால் பக்கத்தொழிலில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. மத்திய அரசு ஊழியர் நடத்தை விதிகள், 1964, எப்போதாவது செய்யும் இலக்கிய, கலைப் பணிக்கு முன் அனுமதி கேட்பதில்லை; வியாபாரத்துக்குக் கேட்கும். அம்மா பெயரிலோ மனைவி பெயரிலோ கடை நடத்தினாலும் அதைத் துறைக்குத் தெரிவிக்க வேண்டும்.

விலை சொல்லும்போது பலரும் தங்கள் மணிக்கணக்கை மறந்துவிடுகிறார்கள். ஒரு பிளவுஸுக்கு 4,000 ரூபாய் வாங்குகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். மணி, கல், நூல் செலவு 1,200 போக மிச்சம் 2,800. வேலை, தையலும் சேர்த்து 25 மணி நேரம் என்றால் மணிக்கு 112 ரூபாய். தையலைப் பக்கத்துத் தெரு டெய்லரிடம் 500 ரூபாய்க்கு விட்டு ஐந்து மணி நேரத்தைக் குறைத்தால், மணிக்கு 115. கூலி ஏறக்குறைய அதேதான். மொத்தத்தில் 500 ரூபாய் குறையும், இரண்டு இரவு கையில் நிற்கும். முகூர்த்த மாதத்தில் இதற்குத் தயங்க வேண்டியதே இல்லை. கை காலியாக இருக்கும் மாதத்தில் அந்த 500-ஐ நீங்களே வைத்துக்கொள்ளலாம்.