கடை வண்டிக்கு எந்த ஏர் பில்டர்?

சரக்கு எடுத்துவரச் சொந்த வண்டி வைத்துக்கொள்வது இன்று மளிகை வியாபாரிக்கு ஆடம்பரமல்ல; அவசியம். புது வண்டிக்குத் தவணை கட்ட இயலாதவர்கள் பழைய வண்டியை வாங்கி, என்ஜின் வேலை, பாடி வேலை, பெயிண்ட் எல்லாம் முடித்து ஓட்டுகிறார்கள். இதில் ஏர் பில்டர் பெரும்பாலும் கடைசியில், கையிருப்பு கரைந்த நேரத்தில்தான் நினைவுக்கு வருகிறது. "இருப்பதில் விலை குறைந்ததைப் போடப்பா" என்று சொல்லிவிடுகிறோம். ஆனால், செலவழித்துச் செய்த என்ஜின் வேலையைக் காப்பாற்றுவதே அந்தச் சிறிய பொருள்தான்.

2005-ஆம் ஆண்டு அறிமுகமான டாடா ஏஸ் வண்டியின் முதல் ரக டீசல் என்ஜினை எடுத்துக்கொள்வோம். இரண்டு சிலிண்டர், கொள்ளளவு 702 சி.சி. இவ்வகை என்ஜின் இரண்டு முறை சுற்றும்போது தன் கொள்ளளவுக்கு ஈடான காற்றை ஒரு முறை இழுக்கும். நிமிடத்திற்கு 2,000 சுற்று ஓடினால், கணக்குப்படி நிமிடத்திற்கு 700 லிட்டர் காற்று. ஒரு மணி நேரத்திற்கு 42,000 லிட்டர்! மண்டி வாசல் புழுதியும், மாவு மில் தூசியும், செம்மண் சாலையும் அந்தக் காற்றில் அடக்கம்.

மண் தூசியில் உள்ள சிலிக்கா, சிலிண்டரின் இரும்பைவிடக் கடினமானது. தலைமுடியின் பருமன் சுமார் 70 மைக்ரான் என்றால், என்ஜினை அதிகம் தேய்ப்பது 5 முதல் 20 மைக்ரான் வரையுள்ள துகள்கள், கண்ணுக்கே தெரியாதவை. இவை ஆயிலோடு சேர்ந்து வால்வு தேய்க்கும் பேஸ்ட் போல வேலை செய்கின்றன. ரிங்கும் லைனரும் தேய்ந்து, வண்டி ஆயில் குடித்து, இழுவை குறைந்து, மறுபடியும் என்ஜினைப் பிரிக்க வேண்டி வருகிறது.

எந்த வகை நல்லது?

பழைய டீசல் வண்டிகளிலும் டிராக்டர்களிலும் ஆயில் தொட்டி வகை பில்டர் இருக்கும். காற்று ஆயிலின் மேல் திரும்பும்போது தூசி அதில் படிந்துவிடும். தொட்டியில் உள்ள குறி வரைக்கும்தான் ஆயில் ஊற்ற வேண்டும். குறைந்தால் தூசி தப்பும். கூடினால் ஆயிலை என்ஜின் இழுத்துக்கொள்ளும். டீசல் என்ஜினில் இது மிகவும் ஆபத்து: இழுத்த ஆயிலையே எரித்துக்கொண்டு, சாவியை அணைத்தாலும் நிற்காமல் என்ஜின் வெறிபிடித்து ஓடக்கூடும்.

பிற்கால வண்டிகளில் மடிப்பு மடிப்பான காகித பில்டர். நம் சாலைகளுக்கும் நம் தேவைக்கும் இதுவே ஏற்றது. ஆயில் தடவிய பருத்தித் துணி பில்டர், கூம்பு வடிவத் திறந்த பில்டர் ஆகியவற்றை "பிக்கப் கூடும்" என்று சொல்லி விற்கிறார்கள். காற்று தாராளமாகப் போவது உண்மையானாலும், நல்ல காகித பில்டர் அளவுக்கு நுண்தூசியை அவை பொதுவாகத் தடுப்பதில்லை. உறையில்லாத கூம்பு பில்டர் என்ஜின் அறையின் சூடான காற்றையே இழுக்கும். பந்தயத்துக்கு ஓடும் வண்டிக்குச் சரி. பருப்பு மூட்டை ஏற்றும் வண்டிக்கு வேண்டாம்.

வாங்கும்போது

வண்டியின் மாடல், வருடம், என்ஜின் வகை ஆகியவற்றைச் சொல்லி, பழைய பில்டரையும் கையோடு கொண்டு போங்கள். உயரம், விட்டம் இரண்டும் பொருந்த வேண்டும். மடிப்புகள் சீரான இடைவெளியில் இருக்கின்றனவா, விளிம்பு ரப்பர் மெத்தென்று இருக்கிறதா, ஒட்டிய இடத்தில் பிளவு உண்டா என்று பாருங்கள். மிளகில் பப்பாளி விதையைக் கண்டுபிடிக்கும் கண் நமக்கு உண்டு. போலி பில்டரைக் கண்டுபிடிக்கவும் அதே கண் போதும்.

மாட்டும்போது

நல்ல பில்டரும் சரியாக உட்காராவிட்டால் வீண். முதலில் பெட்டியின் உட்புறத்தை ஈரத்துணியால் துடைக்க வேண்டும். என்ஜினுக்குப் போகும் குழாய்க்குள் தூசி விழாதபடி அதன் வாயைத் துணியால் அடைத்துவிட்டுத் துடைப்பது நல்லது. மூடும் முன் அந்தத் துணியை மறக்காமல் எடுத்துவிட வேண்டும். ரப்பர் விளிம்பில் மெல்லிய கிரீஸ் தடவி மாட்டிப் பார்த்து, மீண்டும் கழற்றினால் சுற்றிலும் ஒரே சீராகத் தடம் விழுந்திருக்க வேண்டும். தடம் விட்டுப்போன இடம் இருந்தால் அதுவே தூசியின் வாசல்.

பில்டருக்கும் என்ஜினுக்கும் இடையிலுள்ள ரப்பர் குழாயையும் வளைத்துப் பாருங்கள். பழைய வண்டிகளில் அதில் வெடிப்பு இருக்கும். பில்டரைத் தாண்டிய இடம் என்பதால் அங்கே நுழையும் தூசியைத் தடுக்க வேறு எதுவுமில்லை. குழாயின் உட்புறத்தை விரலால் துடைக்கையில் புழுதி ஒட்டினால், வண்டியை ஓட்டாமல் முதலில் காரணத்தைக் கண்டுபிடியுங்கள்.

அடிக்கடி ஊதலாமா?

கூடாது. காகிதத்தின் மேல் படியும் மெல்லிய தூசிப் படலமே அடுத்து வரும் தூசியைத் தடுக்க உதவுகிறது. டயர் கடைக் காற்றை நெருக்கிப் பிடித்து ஊதினால் காகிதம் கிழியும். வண்டிக் கையேடு அனுமதித்தால் மட்டும், குறைந்த அழுத்தத்தில், உள்ளிருந்து வெளிப்புறமாக ஊதலாம். பின்பு உள்ளே பல்பு வைத்துப் பாருங்கள்; ஊசிமுனை அளவு வெளிச்சம் தெரிந்தாலும் தூக்கி எறியுங்கள். காகித பில்டரைக் கழுவவே கூடாது.

மைலேஜ் குறைந்தால் மாற்றிக்கொள்ளலாம் என்று காத்திருப்பதும் தவறு. அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வுக்கூடம் 2009-இல் வெளியிட்ட ஆய்வில், புதிய வகை பெட்ரோல் கார்களில் பில்டர் அடைத்தபோது வேகம் பிடிப்பதுதான் குறைந்தது. மைலேஜ் குறிப்பிடும்படி குறையவில்லை. ஆகவே கையேட்டில் உள்ள கிலோமீட்டர் கணக்கே வழிகாட்டி. புழுதியில் ஓடும் வண்டிக்கு அதற்கும் முன்பே மாற்ற வேண்டும். டீசல் வண்டி கரும்புகை கக்கத் தொடங்கினால் உடனே பில்டரைப் பாருங்கள்.

இறுதியாக ஒன்று: பில் கேட்டு வாங்குங்கள். பொருளில் குறையிருந்தால் திருப்பிக் கேட்க அதுவே ஆதாரம். சரக்கு வண்டியின் உதிரிபாகத்திற்குக் கட்டிய ஜி.எஸ்.டி.யை, வழக்கமான முறையில் பதிவு பெற்ற வணிகர்கள் உள்ளீட்டு வரியாகக் கழித்துக்கொள்ளலாம். காம்போசிஷன் முறையில் இருப்போருக்கு இச்சலுகை இல்லை. பில்டர் மாற்றிய தேதியையும் கிலோமீட்டரையும் அந்த பில்லின் பின்புறமே எழுதி வையுங்கள். அடுத்து எப்போது மாற்றுவது என்று மெக்கானிக்கைக் கேட்க வேண்டிய அவசியமே இராது.