ஒப்பந்த வேலையும் பி.எஃப். ஓய்வூதியமும்

பதினொரு மாத ஒப்பந்தத்தில் வேலைக்குச் சேர்பவருக்கும் பி.எஃப். உண்டு. 20 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனத்தில், அடிப்படைச் சம்பளமும் அகவிலைப்படியும் சேர்ந்து மாதம் ரூ.15,000-ஐத் தாண்டாதவரை, சேர்ந்த நாளிலிருந்தே உறுப்பினராக்க வேண்டும். நிரந்தரப் பணியாளர், தற்காலிகப் பணியாளர், ஒப்பந்ததாரர் அனுப்பிய ஆள் என்ற பேதம் இதில் கிடையாது. ‘மூன்று மாதம் போகட்டும், பார்க்கலாம்’ என்பதற்கு விதியில் இடமில்லை. ‘கன்சல்டன்ட்’ என்று பெயர் சூட்டி, சம்பளத்தைக் கட்டணமாகக் கணக்கெழுதுவது சில இடங்களில் நடக்கும் தந்திரம். மேலதிகாரிக்குக் கீழ் தினமும் வேலை பார்த்து மாதச் சம்பளம் வாங்குபவரை அந்தப் பெயர் மட்டும் வெளியாள் ஆக்கிவிடாது.

ரூ.15,000 சம்பளத்தில் தொழிலாளியிடம் 12 சதவீதம், அதாவது ரூ.1,800 பிடிக்கப்படும். நிறுவனமும் அதே அளவு கட்டும். ஆனால் நிறுவனத்தின் பங்கில் ரூ.1,250 ஓய்வூதியக் கணக்குக்குப் போய்விடும்; மீதி ரூ.550 மட்டுமே பி.எஃப். கணக்கில் சேரும். பாஸ்புக்கில் மூன்றாவது கட்டத்தில் தெரிவது இந்த ஓய்வூதியப் பணம்தான். அதற்கு வட்டி ஏறாது. அது சேமிப்பு அல்ல. சேவைக் காலத்தையும் சம்பளத்தையும் வைத்துப் பின்னாளில் ஓய்வூதியம் கணக்கிடப்படும். 2014 செப்டம்பர் 1-க்குப் பிறகு ரூ.15,000-க்கு மேற்பட்ட சம்பளத்தில் முதன்முறையாகச் சேர்ந்தவர்களுக்கு அந்தக் கட்டம் காலியாக இருக்கும். அவர்கள் ஓய்வூதியத் திட்டத்தில் சேர முடியாது.

கணக்கு எளிது. கடைசி 60 மாதச் சராசரிச் சம்பளத்தைச் சேவை ஆண்டுகளால் பெருக்கி, 70-ஆல் வகுக்க வேண்டும். ரூ.15,000 சம்பளத்தில் பத்து ஆண்டு வேலை பார்த்தவருக்கு 58 வயதில் மாதம் சுமார் ரூ.2,143 வரும். சொற்பத் தொகைதான். ஆனால் பத்து ஆண்டு நிறையாவிட்டால் அந்த மாத ஓய்வூதியமும் கிடையாது.

அந்தப் பத்து ஆண்டை ஒரே நிறுவனத்தில் கழிக்க வேண்டியதில்லை என்பதுதான் ஒப்பந்தத் தொழிலாளி கவனிக்க வேண்டிய விஷயம். எட்டு மாதம் இங்கே, ஒன்றரை ஆண்டு அங்கே என்று துண்டு துண்டான சேவையையும் சேர்த்துக்கொள்ளலாம். இதைக் கெடுப்பது, ஒவ்வொரு ஒப்பந்தம் முடிந்ததும் படிவம் 10சி கொடுத்துப் பணத்தை எடுத்துவிடும் பழக்கம். ரூ.15,000 சம்பளத்தில் நான்கு ஆண்டு சேவைக்குக் கிடைப்பது ரூ.62,700. அதை வாங்கியதும் அந்த நான்கு ஆண்டும் கணக்கிலிருந்து போய்விடும். பணத்துக்குப் பதிலாகச் சேவைச் சான்றிதழ் வாங்கிக்கொண்டால் சேவை அப்படியே நிற்கும். ஓய்வூதியப் பணத்தை எடுப்பதற்கான காத்திருப்பை 2 மாதத்திலிருந்து 36 மாதமாக உயர்த்த, 2025 அக்டோபரில் பி.எஃப். அமைப்பின் மத்திய அறங்காவலர் குழு முடிவெடுத்ததும் இந்தப் பழக்கத்தைத் தடுக்கத்தான்.

சேவையைக் கோர்ப்பது யு.ஏ.என். என்னும் பொதுக் கணக்கு எண். புதிய ஒப்பந்ததாரரிடம் படிவம் 11 நிரப்பும்போது பழைய எண்ணை எழுதாமல் விட்டால், இன்னொரு எண் உருவாகிச் சேவை இரண்டாகப் பிரிந்துவிடும். பழைய முதலாளி வெளியேறிய தேதியைப் பதியாவிட்டாலும் பண மாற்றம் நின்றுபோகும்; கடைசிச் சந்தாவுக்கு இரண்டு மாதம் கழித்துத் தொழிலாளியே இணையத்தில் அதைப் பதியலாம். மாற்றிய பிறகு ஓய்வூதியக் கட்டத்தில் சுழியம் தெரிந்தால் பதற வேண்டாம். மாறுவது சேவை விவரம் மட்டுமே.

ஒப்பந்ததாரர் பிடித்த பணத்தைக் கட்டாமல் போனால், வேலை வாங்கிய முதன்மை நிறுவனம் கட்ட வேண்டும். ஒவ்வொரு மாதச் சந்தாவும் அடுத்த மாதம் 15-ஆம் தேதிக்குள் சேர்ந்தாக வேண்டும். நிறுவனத்தின் பங்கையும் தொழிலாளியின் கூலியிலேயே பிடிப்பது விதிக்கு விரோதம்.

குறுகிய கால வேலைக்கு எதற்கு இந்தப் பிடித்தம் என்று கேட்பவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். பத்து ஆண்டு நிபந்தனை முதுமைக்கால ஓய்வூதியத்துக்கு மட்டும்தான். ஒரு மாதச் சந்தா கட்டியவர் பணியிலிருக்கும்போது இறந்தாலும், மனைவிக்கோ கணவருக்கோ மாத ஓய்வூதியமும், 25 வயதுக்குட்பட்ட இரு பிள்ளைகளுக்கு உதவித்தொகையும் உண்டு. வேலையில் சேர்ந்த முதல் வாரத்திலேயே குடும்பத்தாரின் பெயர்களை நியமனப் பதிவில் ஏற்றிவிடுவது நல்லது.