கார் தூங்கட்டும், குழந்தையும் தூங்கட்டும்!

சினிமாவில் கதாநாயகி தலைமுடி பறக்க, கூரையில்லாத காரில் பாடிக்கொண்டே போவாளே, பார்த்திருப்பீர்கள். அந்த மாதிரி கார் ஒன்று எங்கள் வீட்டிலும் இருக்கிறது. 1990-ம் வருஷத்து மாஸ்டா மியாடா. இரண்டே பேர்தான் உட்காரலாம். வேண்டும்போது கூரையை மடக்கிப் பின்னால் தள்ளிவிடலாம். குழந்தை பிறந்த பிறகும், "இதை மட்டும் விற்க மாட்டேன்" என்று ஒற்றைக்காலில் நின்றார் என் கணவர்.

நாங்கள் இருப்பது கனடாவில், டொராண்டோவைச் சேர்ந்த ஸ்கார்பரோவில். இங்கே நவம்பரில் தொடங்கினால் ஏப்ரல் வரை பனிதான். வழுக்காமல் இருக்க ரோட்டில் உப்பைக் கொட்டுவார்கள். ஊறுகாய் ஜாடியில் இரும்புக் கரண்டியைப் போட்டு வைத்தால் என்ன ஆகும்? காரின் அடிப்பாகத்துக்கும் அதே கதிதான். அதனால் இந்த மாதிரிக் கார்களைக் குளிர்காலம் முடியும் வரை கராஜிலேயே தூங்க வைத்துவிடுவார்கள்.

"அது ஆண்கள் சமாசாரம், நமக்கென்ன?" என்கிறீர்களா? நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் எங்கள் கராஜ் வீட்டோடு ஒட்டியது. குழந்தை தூங்கும் அறை அதற்கு நேர் மேலே!

அன்று நடந்தது

2019 ஜனவரி. அவர் வேலை விஷயமாக வெளியூர் போயிருந்தார். "வாரத்துக்கு ஒரு தடவை இன்ஜினை அஞ்சு நிமிஷம் ஓட விடும்மா, பேட்டரி இறங்காம இருக்கும்" என்று போனில் சொன்னார். வெளியே மைனஸ் 18 டிகிரி. கராஜ் கதவைப் பாதி திறந்து வைத்து, சாவியைத் திருப்பினேன். அஞ்சு நிமிஷம்தானே என்று உள்ளே வந்து அடுப்பில் பாலை வைத்தேன். அஞ்சு, பத்தாகிவிட்டது.

திடீரென்று மாடியில் அலாரம் அலறியது. தீயும் இல்லை, வாசனையும் இல்லை. நான் திருதிருவென்று விழித்துக்கொண்டிருந்தபோது, வாசலில் பனி வாரிக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு யாழ்ப்பாணத்து அக்கா ஓடி வந்தார்.

"முதல்ல பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெளியில வாரும்! மற்றதெல்லாம் பிறகு!"

குழந்தையைப் போர்வையில் சுற்றிக்கொண்டு அவர் வீட்டுக்கு ஓடினேன். அக்காவே 911-க்குப் போன் செய்தார். தீயணைப்புக்காரர்கள் வந்து இன்ஜினை நிறுத்தி, ஜன்னல்களைத் திறந்து, கருவியால் காற்றைச் சோதித்த பிறகுதான் எங்களை உள்ளே விட்டார்கள். குழந்தைக்கு ஒன்றுமில்லை. என் கைதான் ராத்திரி வரை நடுங்கிக்கொண்டிருந்தது.

கார் புகையில் வரும் கார்பன் மோனாக்ஸைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. ரத்தத்தில் பிராணவாயு சேர வேண்டிய இடத்தில் இது போய் ஒட்டிக்கொள்ளும். தலைவலி, குமட்டல், கிறுகிறுப்பு எல்லாம் சாதாரணக் காய்ச்சல் மாதிரியே தோன்றும். தூங்குகிறவர்கள் எழுந்திருக்காமலே போய்விடலாம். கராஜ் கதவு திறந்திருந்தாலும் வீட்டுக்குள் கசியும். அதனால்தான் எங்கள் ஒண்டாரியோ மாகாணத்தில், கராஜ் ஒட்டிய வீடுகளில் படுக்கை அறைகளுக்குப் பக்கத்தில் இந்த அலாரம் இருக்க வேண்டும் என்று 2014-ல் சட்டம் வந்தது.

இத்தனைக்கும் அந்த அஞ்சு நிமிஷத்தால் காருக்கும் லாபமில்லை! இன்ஜின் சரியாகச் சூடாகாததால், சைலன்சர் குழாயில் நீர் தங்கித் துருப்பிடிக்கும். ஸ்டார்ட் செய்யச் செலவான மின்சாரம்கூட பேட்டரிக்குத் திரும்பி வராது. தூங்க வைத்த காரை இடையில் எழுப்பாமல் இருப்பதுதான் நல்லது.

தூங்க வைக்கும் முறை

இப்போது நவம்பர் வந்தால் இரண்டு பேருமாகச் செய்கிறோம்.

● காரை அடிப்பாகம் உள்பட நன்றாகக் கழுவுவோம். கூரையை மெல்லிய சோப்பும் மிருதுவான பிரஷ்ஷும் கொண்டு தேய்ப்போம். சொட்டு ஈரம் இல்லாமல் காய வேண்டும். இல்லாவிட்டால் பூஞ்சணம் பூத்துவிடும்.

● கூரையை மடக்கி வைக்கக் கூடாது. பட்டுப் புடவையை ஒரே மடிப்பில் வைத்தால் ஜரிகை இற்றுப்போகுமே, அப்படித்தான். எங்கள் காரின் பின் 'கண்ணாடி' பிளாஸ்டிக். குளிரில் மடக்கினால் விரிந்துவிடும்.

● மேலே போர்த்தக் காற்றுப் போகும் துணி உறைதான் வேண்டும். பிளாஸ்டிக் ஷீட் உள்ளே வியர்க்கும்.

● டாங்க் நிறையப் பெட்ரோலும், அது கெடாமலிருக்க ஸ்டெபிலைசரும் ஊற்றி, கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு வந்து நிறுத்துவோம். இன்ஜின் ஆயிலையும் முன்கூட்டியே மாற்றிவிடுவோம்.

● சார்ஜ் இறங்கிய பேட்டரி குளிரில் உறைந்து வெடிப்பு விடும். அதற்கென்றே 'பேட்டரி மெயின்டெய்னர்' என்ற சின்ன சார்ஜர் கிடைக்கிறது. மியாடாவில் பேட்டரி இருப்பது டிக்கியில்.

● ஹேண்ட் பிரேக் போட்டால் மாதக்கணக்கில் அப்படியே ஒட்டிக்கொள்ளும். அதற்குப் பதில் கியரில் விட்டு, சக்கரத்துக்குக் கட்டை கொடுப்போம்.

● எலி கூடு கட்டாமலிருக்க, பாத்திரம் தேய்க்கும் கம்பி நாரைச் சைலன்சர் வாயில் செருகுவோம். எடுக்க மறக்காமலிருக்க ஸ்டீயரிங்கில் சிவப்பு ரிப்பன்! அது என் யோசனை.

தாய்மார்கள் கவனிக்க

எலிக்காகச் சிலர் காருக்குள் அந்துருண்டை போடுவார்கள். மிட்டாய் என்று நினைத்துக் குழந்தை வாயில் போட்டுக்கொள்ளும். சில குழந்தைகளுக்குப் பிறவியிலேயே ஜி-6-பி-டி என்ற என்சைம் குறைவாக இருக்கும். நாப்தலீன் உருண்டை அவர்கள் ரத்த அணுக்களை உடைத்து, கடுமையான மஞ்சள் காமாலையைக் கொண்டுவரும். கைக்குழந்தையின் துணி இருக்கும் பெட்டியிலும் அதைப் போடாதீர்கள். இது நம் ஊர் பீரோவுக்கும் பொருந்தும்.

இன்னொன்று, ரேடியேட்டரில் ஊற்றும் ஆன்டிஃப்ரீஸ். சரிபாதி தண்ணீரோடு கலந்தால் மைனஸ் 35 டிகிரி வரைகூட உறையாது. ஆனால் அதிலுள்ள எத்திலீன் கிளைக்கால் தித்திக்கும்; சிறுநீரகத்தையே கெடுத்துவிடும். சிந்தினால் உடனே துடையுங்கள். டப்பாவைப் பூட்டி வையுங்கள். குழந்தை கொஞ்சம் குடித்துவிட்டதாகச் சந்தேகம் வந்தாலும், அறிகுறிக்குக் காத்திராமல் டப்பாவோடு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

ஏப்ரலில் நல்ல மழை பெய்து ரோட்டு உப்பைக் கழுவிவிட்ட பிறகு, ரிப்பனை அவிழ்த்து, கம்பி நாரை எடுத்து, காரை வெளியே தள்ளிக்கொண்டு போய்த்தான் ஸ்டார்ட் செய்வோம். முதல் ரவுண்டு அக்காவுக்கு. "உந்தக் காருக்கு நான்தான் முதல் ஆள்" என்று தலையில் ஸ்கார்ஃபைக் கட்டிக்கொண்டு ஜம்மென்று ஏறி உட்காருவார்!