காலில் தொங்கும் வெயிட்: துணைக்கு இருப்பவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை



மருத்துவமனையில் இருக்கும் நம் மக்களை டிரஸ்ட் சார்பில் பார்க்கப் போகும்போதெல்லாம், எலும்பு வார்டில் ஒரே மாதிரியான முறையீட்டைக் கேட்கிறோம். "காலில் கல்லைக் கட்டித் தொங்கவிட்டிருக்கிறார்கள். ஆபரேஷனும் செய்யவில்லை, மாவுக்கட்டும் போடவில்லை, சும்மா போட்டு வைத்திருக்கிறார்கள்." அந்தக் கல்லே வைத்தியம்தான் என்று சொன்னால் பலர் நம்புவதில்லை.

சென்ற ஆண்டு ஒரு மருத்துவமனையில் நாம் கண்ணால் கண்டதைச் சொல்கிறோம். தொடை எலும்பு முறிந்த ஒருவருக்கு இரவில் துணைக்கு இருந்த மகன், அவர் முனகுவதைப் பொறுக்க முடியாமல், தொங்கிய வெயிட்டைத் தூக்கி ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலின் மேல் வைத்துவிட்டான். அந்த நேரத்துக்கு அவருக்கும் ஆறுதலாகத்தான் இருந்தது. விடியும்போது தொடை வீங்கி, வலி முன்னைவிட அதிகமாகிவிட்டது. காலையில் வந்த சிஸ்டர், "யார் தம்பி இதைத் தூக்கி வச்சது?" என்று கேட்க, பையன் தலையைக் குனிந்துகொண்டு, "அத்தா அழுதாங்க சிஸ்டர்" என்றான். மறுபடி எக்ஸ்ரே, மறுபடி கட்டு. அந்தப் பையனைக் குறை சொல்ல நமக்கு மனம் வரவில்லை. இரக்கத்தில் செய்தது. அவனுக்கு முன்கூட்டியே யாரும் விளக்கிச் சொல்லியிருக்கவில்லை.

நம் பகுதியில் இந்தக் காயம் அரிதல்ல. ஏலத்தோட்ட வேலைக்குக் கம்பம்மெட்டு, போடிமெட்டு மலைப்பாதைகளில் ஆள் ஏற்றிப்போகும் ஜீப்புகள், தேனி–குமுளி சாலையில் பறக்கும் பைக்குகள், தென்னை மரம், போடிப் பக்கம் காய் பறிக்க ஏறும் இலவமரம், வயதானவர்களுக்குக் குளியலறை ஈரத்தரை. கம்பத்திலோ உத்தமபாளையத்திலோ முதலுதவி முடிந்து, தேனியைத் தாண்டி க.விலக்கில் உள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ மதுரைக்கோ அனுப்பப்பட்டவர் இல்லாத தெரு நம் ஊர்களில் குறைவு.

தொடையில் இருப்பவை உடம்பிலேயே மிக வலுவான தசைகள். எலும்பு முறிந்தவுடன் அவை இழுத்துச் சுருங்கும். முறிந்த இரண்டு முனைகளும் ஒன்றின் மேல் ஒன்று ஏறிக்கொள்ளும், கால் குட்டையாகும். கூர்மையான முனை தசையைக் குத்தக் குத்த வலியும் கூடும், உள்ளே ரத்தமும் கசியும். தொடை எலும்பு ஒன்று முறிந்தால் ஒரு லிட்டருக்கு மேலும் ரத்தம் தோலுக்கு வெளியே ஒரு சொட்டுக்கூடத் தெரியாமல் உள்ளேயே இறங்கக்கூடும். அதனால்தான் ஆளை மடக்கி ஆட்டோவில் திணிக்காமல், 108-ஐக் கூப்பிட்டு, காலை அசையாமல் வைத்துக் கொண்டுபோகச் சொல்கிறோம். மருத்துவமனையில் வெயிட் போடுவது, சுருங்கும் தசைக்கு எதிராகக் காலை நேராக, விடாமல், ஒரே சீராக இழுத்துப் பிடிப்பதற்கு. இதை டிராக்‌ஷன் என்கிறார்கள். விடாமல் என்பதுதான் முக்கியம். பத்து நிமிடம் எடுத்து வைத்தாலும் தசை மறுபடி சுருங்கிவிடும்.

இழுத்து நேராக்கும் இந்த யோசனை புதியதல்ல. பத்தாம் நூற்றாண்டில் குர்துபாவில் வாழ்ந்த அபுல் காசிம் அஸ்ஸஹ்ராவி, முப்பது பாகங்கள் கொண்ட தம் அத்தஸ்ரீஃப் நூலின் கடைசிப் பாகமான அறுவை சிகிச்சையில், எலும்பு முறிவுக்கும் மூட்டு விலகலுக்கும் தனிப் பகுதியே ஒதுக்கினார். முதல் உலகப் போரில் தொடை முறிந்த ஏராளமான சிப்பாய்களைக் காப்பாற்றிய தாமஸ் ஸ்பிளிண்டை வடிவமைத்த ஹியூ ஓவன் தாமஸ், பரம்பரையாக எலும்பு கட்டும் வேல்ஸ் குடும்பத்தில் பிறந்தவர். நம் ஊர் நாட்டு வைத்தியர்களைக் கேலி செய்ய நமக்கு விருப்பமில்லை. ஆனால் தொடை எலும்பை அவர்களிடம் கொண்டுபோகாதீர்கள்.

தோலின் மேல் போடும் டிராக்‌ஷனைச் செவிலியர்கள் எப்படிக் கட்டுகிறார்கள் என்று தெரிந்தால் பாதி பயம் போய்விடும். முதலில் காலில் புண், கொப்புளம், புடைத்த நரம்பு இருக்கிறதா என்று பார்ப்பார்கள். பிளாஸ்திரி ஒட்டினால் தோல் தடித்துச் சிவக்கும் பழக்கம் உள்ளவர்கள் அப்போதே சொல்லிவிட வேண்டும். காலைக் கழுவி, ஈரமில்லாமல் துடைப்பார்கள். ஒருவர் காலை நேராக இழுத்துப் பிடித்திருக்க, இன்னொருவர் கட்டுவார். கணுக்கால் எலும்பு மேடுகளில் பஞ்சு வைத்து, இரு பக்கமும் நீளப் பட்டை வைத்து, கீழிருந்து மேலாகத் துணி சுற்றுவார்கள். முழங்கால் சிப்பி திறந்தே இருக்கும். பாதத்துக்குக் கீழே ஒரு சிறு பலகை வரும். விரலும் பாதமும் அசைய அதில் இடம் விடுவார்கள். அதிலிருந்து கயிறு கிளம்பி, கட்டிலின் கால்மாட்டில் உள்ள கப்பியின் மேல் ஏறி இறங்கும். கிணற்றுக் கப்பியேதான். வெயிட்டைச் சட்டென்று விடாமல் கையால் தாங்கி மெதுவாக இறக்குவார்கள். தோல் தாங்கும் எடைக்கு எல்லை உண்டு என்பதால் 5 கிலோவுக்கு மேல் பெரும்பாலும் போவதில்லை; வயதானவர்களுக்கு 2, 3 கிலோதான்.

கட்டிலின் கால்மாட்டுப் பக்கம் கட்டை வைத்து உயர்த்தியிருப்பதைப் பார்த்து, "தலை தாழ்ந்து கிடக்கிறதே" என்று கட்டையை உருவியவர்களும் உண்டு. வெயிட் கீழே இழுக்கும்போது ஆளும் சேர்ந்து சறுக்கி வந்துவிடாமல், அவர் உடல் எடையே எதிர்ப்பக்கம் இழுக்கட்டும் என்றுதான் அந்த உயரம்.

ஆகவே துணைக்கு இருப்பவர் கவனிக்க வேண்டியது: வெயிட் தரையிலோ கட்டிலிலோ முட்டாமல் அந்தரத்தில் தொங்குகிறதா, கயிற்றின் மேல் போர்வை கிடக்கிறதா, முடிச்சு கப்பியில் சிக்கியிருக்கிறதா, ஆள் கீழே சறுக்கிப் பாதப்பலகை கட்டிலில் இடிக்கிறதா. இவற்றில் எது இருந்தாலும் சிஸ்டரைக் கூப்பிடுங்கள். நீங்களே சரிசெய்ய வேண்டாம். நலம் விசாரிக்க வருகிறவர்கள் கட்டிலின் கால்மாட்டில் உட்காரக் கூடாது. நோயாளியைப் பார்க்கப் போவது சுன்னத்துதான். எட்டுப் பேராகப் போய் வெயிட்டை இடித்துவிட்டு வருவது சுன்னத்தல்ல.

விரல்களை அடிக்கடி பாருங்கள். மறு கால் விரலோடு ஒப்பிட்டால் எளிதாகப் புரியும். விரல் குளிர்ந்து, வெளிறி அல்லது நீலமாக இருந்தால், மரத்துப் போனால், பாதத்தை மேல்நோக்கி அசைக்க முடியாவிட்டால், வலிமாத்திரைக்கும் அடங்காமல் வலி ஏறினால், இரவு இரண்டு மணியானாலும் உடனே சொல்லுங்கள். முழங்காலுக்குக் கீழே வெளிப்பக்கம் கட்டு இறுகினால் அங்கே ஓடும் நரம்பு நசுங்கி, பாதம் தொங்கிவிடும். குதிகாலிலும் இடுப்புக்குப் பின்னாலும் புண் வருவது இன்னொரு தொல்லை. திடீர் மூச்சுத்திணறல், கெண்டைக்கால் வீக்கம் இரண்டும் ரத்தக்கட்டின் அடையாளமாக இருக்கலாம். தண்ணீர், கீரை, பழம் தாராளமாகக் கொடுங்கள். பெட்பான் கேட்கச் சங்கடப்பட்டுத் தண்ணீர் குடிக்காமல் கிடக்கும் தாய்மார்கள் அதிகம். திரை போடச் சொல்லிக் கேளுங்கள், போடுவார்கள்.

எலும்பில் கம்பி ஏற்றிப் போடும் டிராக்‌ஷனை மரத்துப்போக ஊசி போட்டு மருத்துவர்தான் செய்வார். முழங்காலுக்குச் சற்றுக் கீழே எலும்பின் குறுக்கே கம்பி போகும். இழுப்பது எலும்பையே என்பதால் 6 முதல் 9 கிலோ வரையும் தொங்கவிடுவார்கள். கம்பி முனைகளில் காலி மருந்துக் குப்பியைச் செருகியிருந்தால் அது யாரையும் குத்தாமல் இருக்க, அதைக் கழற்றாதீர்கள். கம்பி நுழையும் இடத்தில் சிவப்பு, சீழ், கம்பி ஆட்டம் தெரிந்தால் சொல்லுங்கள். மஞ்சள், எண்ணெய் எதுவும் தடவ வேண்டாம்.

வயதானவர்களின் இடுப்பு முறிவுக்கு வெயிட் போடுவதால் வலி பெரிதாகக் குறைவதில்லை என்று ஆய்வுகள் சொல்வதால், பல மருத்துவர்கள் அவர்களுக்கு இப்போது வெயிட் போடுவதில்லை. பக்கத்துக் கட்டிலுக்குப் போட்டார்கள், எங்கள் நன்னிக்குப் போடவில்லையே என்று சண்டை போடாதீர்கள்.

தொழுகை பற்றியும் கேட்கிறார்கள். கிப்லாவுக்காகக் கட்டிலைத் திருப்ப முயல வேண்டாம். படுத்த நிலையில், முடிந்த திசையில், தலைச் சைகையால் தொழலாம். தண்ணீர் படக்கூடாத நிலையில் தயம்மும், கட்டின் மேல் மஸஹு ஆகிய சலுகைகள் உண்டு. விவரத்தை உங்கள் பள்ளி இமாமிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

கழற்றுவதும் அவர்கள் வேலைதான். ஒருவர் காலைத் தாங்கியிருக்க, வெயிட்டை மெதுவாக எடுப்பார்கள். பிளாஸ்திரியைப் பிடித்து இழுக்காமல் தோலை அழுத்திக்கொண்டு நனைத்து உரித்து, காலைக் கழுவித் துடைத்து, புண் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். கம்பியை உருவும்முன் வெளியே நீட்டியிருக்கும் பகுதியைச் சுத்தம் செய்வார்கள். இல்லாவிட்டால் வெளி அழுக்கு எலும்புக்குள் போய்விடும். வெயிட் எடுத்த அன்றே நடக்கலாம் என்று நினைக்க வேண்டாம். கால் மெலிந்திருக்கும், முழங்கால் மடங்காது, தொங்கப்போட்டால் பாதம் வீங்கும். எப்போது ஊன்றலாம் என்பதை எக்ஸ்ரே பார்த்து மருத்துவர் சொல்வார்.

வீட்டுக்கு வந்தபின் தேவைப்படும் வாக்கர், கமோடு நாற்காலி, தண்ணீர்ப் படுக்கை ஆகியவை நமது டிரஸ்ட் அலுவலகத்தில் இருக்கின்றன. அஸருக்குப் பின் வந்து கையெழுத்திட்டு எடுத்துச் செல்லலாம், வாடகை கிடையாது. வேலை முடிந்ததும் கழுவித் திருப்பிக் கொடுத்தால் அடுத்தவருக்கு உதவும். இப்போது இரண்டு வாக்கர்கள் போனவை திரும்பவில்லை. எடுத்தவர்கள் இதைப் படித்தால் கொண்டுவந்து சேர்க்கவும்.