மருந்து அடிக்கும் முறை

அமெரிக்காவில் உற்பத்தியாகும் சர்க்கரையில் பாதிக்கு மேல் கரும்பிலிருந்து வருவதில்லை. சர்க்கரை பீட் என்னும் வெள்ளைக் கிழங்கிலிருந்து வருகிறது. மினசோட்டா, வடக்கு டகோட்டா மாநிலங்களுக்கு நடுவே ஓடும் ரெட் நதியின் சமவெளி அதன் பெரிய விளைநிலம். கிளைபோசேட் என்னும் களைக்கொல்லியைத் தாங்கும் மரபணு மாற்றிய பீட்டுக்கு 2005இல் அங்கே அனுமதி கிடைத்தது. 2008இல் பரவலாக விதைத்தார்கள். அடுத்த ஓரிரு ஆண்டுகளில் நாட்டின் பீட் பரப்பில் ஏறத்தாழ 95 விழுக்காடு அந்த விதைதான். அனுமதியை எதிர்த்து வழக்குகள் நடந்தன, நீதிமன்றம் தடுத்தது, 2012இல் மறுபடி முழு அனுமதி வந்தது. இத்தனை சண்டையும் மரபணுவைப் பற்றியே நடந்தது. அந்த மருந்தை வயலில் எப்படி அடிப்பது என்பதைப் பற்றி வெளியில் யாரும் அதிகம் பேசவில்லை. இந்தப் பயிரின் வெற்றிக்கும் இன்றைய நெருக்கடிக்கும் மரபணுவைவிட அடிக்கும் முறைதான் பெரிய காரணம் என்பது என் கருத்து.

பீட் நாற்று சோம்பேறி. முளைத்து, இலை விரித்து, வரிசைக்கு வரிசை மண்ணை மூட இரண்டு மாதம் ஆகும். முழுதாக வளர்ந்த பிறகும் முழங்கால் உயரம் தாண்டாது. அதற்குள் களை தலைக்கு மேல் போய்விடும். இன்னொரு சங்கடம் உறவுமுறையால் வருவது. பீட் வயலின் முக்கியக் களைகளில் ஒன்று நாம் சக்கரவர்த்திக் கீரை என்று சமைத்துச் சாப்பிடுவது. வாட்டர்ஹெம்ப் என்ற களை நம் தண்டுக்கீரைக்குப் பங்காளி. கோச்சியா என்பது காய்ந்தபின் காற்றில் உருண்டோடி விதை சிந்தும் புதர். இவை எல்லாமே பீட்டின் தாவரக் குடும்பத்தையே சேர்ந்தவை. உறவினரைக் கொல்லும் மருந்து பீட்டையும் வாட்டும். பீட்டை விட்டுவைக்கும் மருந்து உறவினரையும் விட்டுவைக்கும். இந்த நெருக்கடியில் பிறந்ததுதான் நுண்ணளவுத் தெளிப்பு. வடக்கு டகோட்டா மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஆலன் டெக்ஸ்டர் 1990களில் அதை உருவாக்கினார். பல மருந்துகளை வழக்கமான அளவில் பாதிக்கும் குறைவாகக் கலந்து, தாவர எண்ணெயிலிருந்து செய்த துணைப்பொருளைச் சேர்த்து, களை விதையிலை விடும்போதே அடிக்க வேண்டும். ஐந்து முதல் ஏழு நாள் இடைவெளியில் மூன்று முறைக்குக் குறையாமல் அடிக்க வேண்டும். பல விவசாயிகள் வயல் முழுக்க அடிக்காமல், 56 சென்டிமீட்டர் இடைவெளி கொண்ட வரிசைகளின் மேல் மட்டும் பட்டையாக அடித்து, நடுவில் உள்ள மண்ணை இடை உழவால் கிளறினார்கள். நாள் தவறினால் களை தப்பும், வெயில் ஏறினால் பீட் கருகும். எஞ்சியதைக் கூலியாட்கள் களைக்கொத்தால் வெட்டினார்கள்.

கிளைபோசேட் பீட் இந்தக் கணக்கையெல்லாம் ஒரே அடியில் நீக்கியது. செடிகள் சில அமினோ அமிலங்களைச் செய்ய ஒரு நொதி தேவை. கிளைபோசேட் அந்த நொதியை முடக்குகிறது. மாற்றிய பீட்டில், முடங்காத இன்னொரு நொதிக்கான மரபணுவைச் சேர்த்திருக்கிறார்கள். அந்த மரபணு ஒரு பாக்டீரியாவிலிருந்து எடுத்தது. அந்த பாக்டீரியா கிடைத்த இடம், கிளைபோசேட் தயாரிக்கும் ஆலையின் கழிவு. அந்த நஞ்சின் நடுவிலும் ஓர் உயிர் பிழைத்திருந்தது என்ற செய்தியை அன்றே இன்னும் கவனமாகப் படித்திருக்கலாம். விவசாயிகளின் மகிழ்ச்சி நியாயமானது, அதை நான் குறைத்துப் பேச மாட்டேன். ஐந்தாறு மருந்துகள் ஒன்றாகின, பீட் கருகுவது நின்றது, கூலிச் செலவு சரிந்தது. வெயிலில் குனிந்து களை வெட்டியவர்களின் முதுகுவலியை மறந்துவிட்டுப் பழைய முறையைப் போற்றுவது சரியாகாது.

ஆனால் எளிதாகத் தெரிந்த இந்த மருந்துக்கும் தனக்கென்று பிடிவாதங்கள் உண்டு. உப்புத் தண்ணீரில் சோப்பு நுரைக்காததற்கு என்ன காரணமோ அதுதான் இங்கேயும்: கடின நீரில் உள்ள கால்சியம் கிளைபோசேட்டைப் பிடித்துக்கொள்கிறது, களைக்குள் அது சரியாக இறங்குவதில்லை. அதனால்தான் தொட்டியில் முதலில் அமோனியம் சல்ஃபேட்டைக் கரைக்கச் சொல்கிறார்கள். மண்ணோடும் அது இறுக ஒட்டும். டிராக்டர் கிளப்பிய புழுதி படிந்த இலைகளில் மருந்து வீணாகும். சக்கரத் தடத்தை ஒட்டி மட்டும் களை பிழைத்து நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம். மண்ணில் ஒட்டிக்கொள்வதால், அடித்த மறுநாள் முளைக்கும் களையை அது தொடாது. வாட்டர்ஹெம்ப் மே மாதம் தொடங்கி ஆகஸ்ட் வரை முளைத்துக்கொண்டே இருக்கும். களை பத்து சென்டிமீட்டரைத் தாண்டுமுன் அடிக்க வேண்டும் என்பது விதி. ஆனால் பெரிய களையும் சாகும் என்று கண்டவர்கள் காத்திருந்து அடித்தார்கள், குறைந்த அளவில் அடித்தார்கள். அரைகுறையாகச் செத்துப் பிழைத்தவை விதை போட்டன. மக்காச்சோளம், சோயா, பீட் என்று சுழற்சியில் வந்த பயிர்களெல்லாம் கிளைபோசேட்டைத் தாங்குபவையாக இருந்ததால், அந்த விதைகள் ஆண்டுதோறும் அதே மருந்தைத்தான் சந்தித்தன. கோச்சியாவிலும் வாட்டர்ஹெம்ப்பிலும் அந்த நொதிக்கான மரபணு பல நகல்களாகப் பெருகிய செடிகள் கண்டறியப்பட்டன. முடக்க முடியாத அளவுக்கு நொதியைச் செய்து அவை தப்பிக்கின்றன. எந்த மருந்தானாலும் ஒருநாள் எதிர்ப்பு வந்தே தீரும் என்பார்கள். உண்மைதான். ஆனால் எவ்வளவு சீக்கிரம் வரும் என்பதை முடிவு செய்வது மருந்தின் பெயரல்ல. அதைத் தனியாக அடித்தோமா, துணையோடு அடித்தோமா, எத்தனை களைகளைத் தப்பவிட்டோம் என்பவை.

வேறு விதமாகவும் அடித்திருக்க முடியும் என்பதற்குச் சான்று இங்கிலாந்தில் இருக்கிறது. சஃபோக் பகுதியில் உள்ள ப்ரூம்ஸ் பார்ன் ஆய்வு நிலையத்தில் ஆலன் டியூவர் குழுவினர் 2003இல் வெளியிட்ட ஆய்வைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு வியப்பு குறைவதில்லை. அவர்கள் கிளைபோசேட்டைத் தாங்கும் பீட்டை எடுத்துக்கொண்டார்கள். தொடக்கத்தில் வரிசையின் மேல் மட்டும் பட்டையாக மருந்து அடித்துவிட்டு, இடைவெளியில் இருந்த களையை வேண்டுமென்றே வளரவிட்டார்கள். பீட்டோடு ஒளிக்கும் நீருக்கும் போட்டி வருமுன் வயல் முழுவதும் அடித்து அதை முடித்தார்கள். விளைச்சல் குறையவில்லை. இடைப்பட்ட வாரங்களில் அந்தக் களைக்குள் வண்டுகளும் பூச்சிகளும் பெருகின. அவை பறவைகளுக்கு இரையாகும். மைக் மே குழுவினர் 2005இல் இன்னொரு வழி காட்டினார்கள்: சீக்கிரமாக ஒருமுறை அடித்துவிட்டு இரண்டாம் தெளிப்பைக் கைவிட்டால், இலையுதிர் காலத்தில் மண்ணில் விழும் களை விதை, வழக்கமான முறையைவிடப் பதினாறு மடங்கு வரை உயர்ந்தது. அது குளிர்காலப் பறவைகளுக்குத் தீனி. ஒரே விதை, ஒரே மருந்து. நாளையும் இடத்தையும் மாற்றியதும் வயல் வேறாகிவிட்டது. இவ்வளவுக்கும், பிரிட்டன் அரசு நடத்திய பெரிய வயல் ஆய்வில் இதே வகைப் பீட், களை விதைகளையும் தேனீக்களையும் வண்ணத்துப்பூச்சிகளையும் குறைப்பதாகத்தான் தெரியவந்தது. 2004இல் அந்தப் பீட்டுக்கு அனுமதியும் மறுக்கப்பட்டது. அங்கே அளந்தது மரபணுவை என்று பலர் எழுதினார்கள். அளந்தது ஒரு தெளிப்பு முறையை.

எதிர்ப்புக் களை நிறைந்த ரெட் நதிச் சமவெளியில் விதையை விழவிடுவது தற்கொலை என்று ஒருவர் மறுக்கலாம். ஏற்கிறேன், மே குழுவின் வழி அங்கே பொருந்தாது. டியூவரின் வழி பொருந்தும், ஏனென்றால் அதில் களை பூக்குமுன் முடிந்துவிடுகிறது. முடிப்பதைக் கிளைபோசேட்டுக்குப் பதில் இடை உழவின் கொழுவிடம் கொடுத்தால், எதிர்ப்புள்ள களையும் சாகும். இன்று அங்கே இடை உழவு திரும்பி வருகிறது. அதோடு சேர்ந்து வேறு வழிகளும் வருகின்றன. விதைக்கும்போதே மண்ணில் ஒரு மருந்து. பீட் இரண்டு இலை விடும்போதும், பிறகு ஆறு முதல் எட்டு இலை விடும்போதும், முளைக்கும் களையைத் தடுக்கும் எஸ்-மெட்டலாகுளோர் போன்றவை. அவை மண்ணில் இறங்க மழை வேண்டும். வரிசைக்கு நடுவே மூடி போட்ட தெளிப்பான். பீட்டுக்கு மேலே நீட்டும் தண்டுகளை மட்டும் மின்சாரத்தால் தீய்க்கும் எந்திரம்.

புதிய மரபணு வரும்வரை பொறுத்தால் போதாதா என்றால், வருகிறது. கிளைபோசேட், குளுஃபோசினேட், டைகாம்பா மூன்றையும் தாங்கும் பீட்டை நிறுவனங்கள் உருவாக்கியிருக்கின்றன. ஆனால் டைகாம்பாவை எதிர்க்கும் வாட்டர்ஹெம்ப் ஏற்கனவே இருக்கிறது. போதாததற்கு டைகாம்பா ஆவியாகி அடுத்த வயலுக்கும் போகும். மூன்றையும் பழைய அலட்சியத்தோடு அடித்தால் மூன்றையும் இழப்போம். பட்டைத் தெளிப்புக்கும் இடை உழவுக்கும் நேரமும் டீசலும் அதிகம் என்ற மறுப்பும் உண்டு; காற்று ஓயும் நாட்கள் குறைவான வசந்தத்தில் அது சிறிய சுமையல்ல. ஆனால் 18 சென்டிமீட்டர் பட்டையாக அடித்தால் மருந்து மூன்றில் ஒரு பங்குதான் செலவாகிறது. கேமரா வழிகாட்டும் கொழுக்கள் இப்போது வேகமாகவும் ஓடுகின்றன. மறுபக்கத்துச் செலவையும் கணக்கில் சேர்க்க வேண்டும். தப்பிய வாட்டர்ஹெம்ப்பை ஆகஸ்டில் ஆள் வைத்துப் பிடுங்கி வயலுக்கு வெளியே கொண்டுபோகும் கூலியோடு ஒப்பிட்டால், ஜூன் மாதத்து ஒரு இடை உழவு மலிவு.