இருவர் சரிபார்த்தும் தவறிய மருந்து: தாதிமை மாணவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது என்ன?

28.8க்கும் 1.2க்கும் இடையில் இருப்பது ஒரே ஒரு வகுத்தல் கணக்கு. அது விடுபட்டதால் 2006ஆம் ஆண்டு கனடாவில் ஒரு பெண் உயிரிழந்தார்.

சுவா சூ காங்கிலிருந்து ஜூரோங் ஈஸ்ட்டுக்கோ கெண்ட் ரிட்ஜுக்கோ மருத்துவமனைப் பயிற்சிக்குப் போகும் தாதிமை மாணவருக்கும், அங்கே படுத்திருக்கும் நம் வீட்டுப் பெரியவருக்கும் அந்தக் கணக்கு முக்கியம்.

என்னதான் நடந்தது?

4 நாள் மருந்து 4 மணி நேரத்தில்

எட்மண்டன் நகரில் உள்ள புற்றுநோய் மருத்துவமனை அது. 43 வயது நோயாளிக்கு ஃபுளோரோயுராசில் எனும் புற்றுநோய் மருந்து தரப்பட்டது. அளவு 5,250 மில்லிகிராம். அதைச் சிறிய பம்ப் மூலம் 4 நாள்களில் மெதுவாக உடலுக்குள் செலுத்த வேண்டும்.

கணக்கு இதோ:

- பையில் இருந்த மருந்து சுமார் 115.2 மில்லிலிட்டர்
- 4 நாளுக்குப் பிரித்தால், ஒரு நாளுக்கு 28.8 மில்லிலிட்டர்
- அதை 24ஆல் வகுத்தால், ஒரு மணி நேரத்துக்கு 1.2 மில்லிலிட்டர்

பம்ப்பில் பதிவு செய்ய வேண்டிய எண் 1.2. பதிவானதோ 28.8. 24ஆல் வகுக்கும் கடைசிப் படி விடுபட்டுப்போனது. 4 நாள் மருந்து 4 மணி நேரத்தில் உடலுக்குள் இறங்கியது. சுமார் 3 வாரத்தில் அந்தப் பெண் மாண்டார்.

யாரும் சரிபார்க்கவில்லையா?

சரிபார்த்தார்கள். இரண்டாவது தாதி ஒருவரும் கணக்கைப் பார்த்தார்.

பையில் ஒட்டிய லேபிளில் 28.8, 1.2 இரண்டுமே அச்சாகியிருந்தன. கணக்கில் வந்த 28.8 லேபிளிலும் இருந்ததால் "சரிதான்" என்று தோன்றிவிட்டது. எதிர்பார்க்கும் எண்ணைத்தான் கண் முதலில் தேடும்.

அனுபவம் இல்லாததாலோ அக்கறை இல்லாததாலோ மட்டும் தவறு நடப்பதில்லை. முதலாமவரின் விடையைப் பார்த்துக்கொண்டே இரண்டாமவர் சரிபார்த்தால், ஒரே தவறை இருவரும் செய்ய வாய்ப்புண்டு.

அதனால்தான் தனித்தனியாகச் சரிபார்ப்பது வலியுறுத்தப்படுகிறது. முதலாமவர் தமது விடையைச் சொல்லக்கூடாது. இரண்டாமவர் மருத்துவரின் உத்தரவிலிருந்து தாமே கணக்குப் போட வேண்டும். பிறகுதான் இரு விடைகளையும் ஒப்பிட வேண்டும்.

"28.8 வருது, சரிதானே?" என்று கேட்டால் அது சரிபார்ப்பு ஆகாது. "நீங்க ஒரு தடவை போட்டுப் பாருங்க, என்ன வருது?" என்று கேட்பதே சரிபார்ப்பு.

'ஐந்து சரி' போதுமா?

தாதிமை வகுப்பில் முதலில் கற்பது இது: சரியான நோயாளி, சரியான மருந்து, சரியான அளவு, சரியான வழி, சரியான நேரம். இவை அவசியம். ஆனால் மனப்பாடமாகச் சொல்வதால் பாதுகாப்பு வந்துவிடாது. ஒவ்வொன்றையும் எப்படி உறுதி செய்வது என்பதே கேள்வி.

நோயாளி: "நீங்கதான் லட்சுமியா?" என்று கேட்காதீர்கள். காது சரியாகக் கேட்காத பாட்டி சும்மா தலையாட்டிவிடுவார். "அம்மா, உங்க முழுப் பேரைச் சொல்லுங்க" என்று கேளுங்கள். மணிக்கட்டுப் பட்டையில் உள்ள பெயர், அடையாள எண் இரண்டையும் ஒப்பிடுங்கள். ஒரே வார்டில் இரண்டு லட்சுமி, இரண்டு ராஜு இருப்பது நம்மிடையே அதிசயமில்லை.

மருந்து: மெட்ஃபார்மின் நீரிழிவுக்கு. மெட்ரோனிடசோல் கிருமித்தொற்றுக்கு. தொடக்கம் ஒன்றுபோல ஒலிப்பதால் அவசரத்தில் மாறிவிடலாம். பெயரின் முதல் சில எழுத்துகளைப் பார்த்தவுடன் எடுக்கக்கூடாது.

அளவு: இன்சுலின் அளவுக்குப் பின்னால் 'யூ' என்ற ஒற்றை ஆங்கில எழுத்தைக் கையால் எழுதினால் அது பூஜ்யம்போல் தெரியும், 10 யூனிட் 100 ஆகிவிடும். '1.0' என்று எழுதினால் புள்ளி கண்ணில் படாமல் 10 ஆகலாம். 'யூனிட்' என்று முழுச் சொல்லாகவும் '1' என்று மட்டும் எழுதுவதும் பாதுகாப்பான வழக்கம்.

எந்த மருந்துகளில் கூடுதல் கவனம்?

இன்சுலின், ஹெப்பரின், வார்ஃபரின், மார்ஃபின், அடர்த்தியான பொட்டாசியம் குளோரைடு, புற்றுநோய் மருந்துகள். இவற்றில் சிறு தவறும் உயிருக்கு ஆபத்து. அடர்த்தியான பொட்டாசியத்தை நீர்க்கச் செய்யாமல் ரத்தநாளத்தில் செலுத்தினால் இதயம் நின்றுவிடலாம்.

மருந்து கொடுத்தால் வேலை முடிந்ததா?

இல்லை. அறுவைச் சிகிச்சை வார்டில் கொடுப்பதற்கு முன்னும் பின்னும் கவனிப்பது அதே அளவு முக்கியம்.

- இன்சுலினுக்கு முன்: ரத்தச் சர்க்கரை எவ்வளவு? சாப்பாடு வந்துவிட்டதா? அறுவைக்காகப் பட்டினி இருக்கிறாரா?
- டிகாக்சினுக்கு முன்: நாடித் துடிப்பு ஒரு நிமிடம் முழுக்க எண்ண வேண்டும். பெரியவர்களுக்கு 60க்குக் கீழே இருந்தால் பொதுவாக மருந்தை நிறுத்திவைத்து மருத்துவரிடம் கேட்க வேண்டும்.
- மார்ஃபினுக்குப் பின்: வலி குறைந்ததா என்பதோடு மூச்சு வேகமும் விழிப்பும் எப்படி என்று பார்க்க வேண்டும். நன்றாகத் தூங்குவதுபோல் தெரிபவர் மூச்சுக் குறைந்து கிடக்கலாம்.

இயந்திரம் காப்பாற்றாதா?

பட்டைக் குறியீட்டை ஸ்கேன் செய்யும் முறை பெரிதும் உதவும், அதைத் தாண்டிப் போகாத வரை.

2017இல் அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் ஒரு தாதி, பதற்றத்தைத் தணிக்கும் வெர்செட் மருந்தை எடுக்கப்போனார். மருந்து அலமாரிக் கணினியில் பெயரின் முதல் இரு எழுத்துகளைத் தட்டினார். வெர்செட் வேறு பெயரில் பதிவாகியிருந்தது. எச்சரிக்கையைத் தாண்டி வெளிவந்தது வெக்குரோனியம். அது தசைகளை முடக்கி மூச்சை நிறுத்தும் மருந்து. நோயாளி உயிரிழந்தார்.

அந்தத் தாதி தவறைத் தாமே ஒப்புக்கொண்டார். 2022இல் நீதிமன்றம் அவரைக் குற்றவாளி என்றது. 3 ஆண்டு நன்னடத்தைக் கண்காணிப்பு விதித்தது. தண்டனைக்குப் பயந்து மற்றவர்கள் தவறுகளை மறைப்பார்களோ என்ற கவலையை அமெரிக்கத் தாதியர் சங்கம் எழுப்பியது.

மாணவர் தவறு செய்துவிட்டால்?

சிங்கப்பூரில் தாதிமை மாணவர்கள் மேற்பார்வை இல்லாமல் தாமாக மருந்து கொடுக்க முடியாது. அந்த மேற்பார்வை மாணவருக்கும் பாதுகாப்பு.

தவறு நடந்ததாகத் தோன்றினால், முதலில் நோயாளியைக் கவனியுங்கள். உடனே மேற்பார்வைத் தாதியிடம் சொல்லுங்கள். "ஒன்னும் ஆகலையே" என்று காத்திருக்க வேண்டாம். ஃபுளோரோயுராசில் அளவு மீறினால் தரக்கூடிய மாற்று மருந்தை அமெரிக்கா 2015இல் அங்கீகரித்தது. அதையும் 4 நாளுக்குள் தொடங்க வேண்டும். தாமதமாகச் சொன்னால் அந்த வாய்ப்பும் போய்விடும்.

நோயாளியும் குடும்பமும் என்ன செய்யலாம்?

"இது என்ன மருந்து? எதுக்குத் தர்றீங்க? நேத்து வேற நிறத்துல இருந்துச்சே?" என்று தயங்காமல் கேளுங்கள். கேட்பது அவமரியாதை அல்ல. மருந்து உடலுக்குள் போகுமுன் நடக்கும் கடைசிச் சரிபார்ப்பு அதுவாக இருக்கலாம்.

மருத்துவமனையிலோ சுவா சூ காங் பலதுறை மருந்தகத்திலோ மருந்து மாறினால், வீட்டில் இருக்கும் பழைய மாத்திரைகளையும் எடுத்துச் சென்று காட்டுங்கள். ஒரே மருந்து இரு பெயர்களில் இருக்கலாம். லிட்டில் இந்தியாவில் வாங்கிய நாட்டு மருந்து, லேகியம் எதுவானாலும் அதையும் சொல்லிவிடுங்கள்.

கேள்வி கேட்கும் நோயாளியைப் பார்த்து மாணவர் சலித்துக்கொள்ள வேண்டாம். நின்று, லேபிளை இன்னொரு முறை படிக்கலாம். அதற்கு அரை நிமிடம்கூட ஆகாது.