இலக்குப் பலகை: படம் மட்டும் போதுமா?

சொந்தக் கடை, வீடு, பிள்ளையின் பட்டப்படிப்பு என நாம் விரும்புபவற்றின் படங்களை ஒரு பிறிஸ்டல் போர்டில் ஒட்டிச் சுவரில் மாட்டுவதே இலக்குப் பலகை. 2006இல் 'த சீக்ரெட்' வெளியான பின்னர் இப்பழக்கம் உலகெங்கும் பரவியது. ஆனால் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தால் மாத்திரம் காரியம் கைகூடாது.

1999இல் அமெரிக்க ஆய்வாளர்களான பாம், டெய்லர் ஆகியோர் ஓர் ஆய்வை வெளியிட்டனர். பரீட்சையில் உயர்ந்த புள்ளி பெறுவதாகக் கற்பனை செய்த மாணவர்களை விட, அதற்காகப் படிப்பதைக் கற்பனை செய்தவர்களே கூடுதல் புள்ளி பெற்றனர்.

வியாபாரிக்கும் இதே கணக்குத்தான். கடை முற்பணம் ஆறு இலட்சம் ரூபா, தவணை 24 மாதம் என்று வைப்போம். மாதம் 25,000 ரூபா. மாதத்தில் 25 நாள் கடை திறந்தால், நாளொன்றுக்கு 1,000 ரூபா. கடைப் படத்தின் கீழே இந்தத் தொகையை எழுதுங்கள். ஒதுக்கி வைத்த ஒவ்வொரு நாளுக்கும் ஒரு சரி அடையாளம் போடுங்கள். தொடர்ந்து மூன்று நாள் வெறுமையாக இருந்தால், எந்தச் செலவைக் குறைப்பது என்று அன்றிரவே வீட்டாருடன் பேசுங்கள். கடன் இருந்தால் அதையும் அதே பலகையில் எழுதுங்கள். மறைத்தால் கணக்குப் பிழைக்கும்.

பலகையை வரவேற்பறையில் அல்ல, காசு லாச்சிக்கு மேலே மாட்டுங்கள். பணம் கையை விட்டுப் போவது அங்கேதான்.